காற்றுப்பையும் மீளழைப்பும்

மனிதன் தன் தேவை கருதி ஒரு பொறியை ஆக்குகின்றான். அப்பொறியால் விளையுந் தீங்கினைத் தடுத்தற்கு மற்றொரு பொறியை ஆக்குகின்றான். இரண்டாவது பொறியே தீங்கு விளைக்கத் தொடங்குமாயின் அவனைக் காப்பது யாது? இவ்வினாவிற்கு இருபத்தோராம் நூற்றாண்டின் முற்பகுதி அளித்த விடை, மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்படும் காற்றுப்பையின் வரலாற்றிலே பொதிந்து கிடக்கின்றது. உயிர் காக்கவென அமைக்கப்பட்ட பையே உயிர் குடித்தது. அதன் பயனாக உலகெங்கணும் ஏறத்தாழப் பத்துக் கோடி ஊதுகலங்கள் மீள அழைக்கப்பட்டன. மோட்டார்க் கைத்தொழில் தோன்றிய நாள்தொட்டு இதனையொத்த மீளழைப்பு நிகழ்ந்ததில்லை. வேலியே பயிரை மேய்ந்தாற்போன்ற இந்நிகழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது, அதனை அறிந்தோர் யாவர், அறிந்தும் வாளாவிருந்தோர் யாவர், அறியாது மாண்டோர் யாவர் என்பன வரலாற்று மாணவர் ஆராயத்தக்கன.

தோற்றம்

காற்றுப்பையின் தொடக்கம் ஒரு தந்தையின் அச்சத்திலே உள்ளது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் யோன் ஹெற்றிக் என்னும் பொறியியலாளர் தம் மனைவியுடனும் மகளுடனும் காரிற் சென்றுகொண்டிருந்தார். பாதையிற் கிடந்த பாறையொன்றைக் கண்டு வண்டியைத் திடீரென நிறுத்த முயன்றபோது அது பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியது. அக்கணத்திலே பெற்றோர் இருவர் கைகளும், நடுவிலிருந்த மகள் முன்புறம் மோதாவண்ணம் தாமே நீண்டு தடுத்தன. எவருக்கும் ஊறு நேரவில்லை. ஆயினும், நீட்டிய அக்கைகளின் வேலையை ஒரு கருவி செய்தலாகாதோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. கடற்படையிற் பணியாற்றிய காலத்தில், பழுது பார்க்கப்பட்ட நீர்மூழ்கிக் குண்டொன்றிலிருந்து அழுத்திய காற்று வெளிப்பட்டு, அதனை மூடியிருந்த துணியைக் கணப்பொழுதில் ஊதி மேலெறிந்ததை அவர் கண்டிருந்தார். அந்நினைவும் இவ்வெண்ணமும் ஒன்றுகூட, 1953ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அவர் தம் கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். செருமனியில் வால்ற்றர் லிண்டறர் என்பவரும் ஏறத்தாழ அக்காலத்திலேயே இதனையொத்த கருவியொன்றிற்கு உரிமை பெற்றனர்.

எனினும் இவ்விருவர் கருவிகளும் உடனே பயன்படவில்லை. வண்டி மோதுவதற்கும் அதனுள் இருப்போர் முன்னே வீசப்படுவதற்கும் இடையிலுள்ள காலம் மிகமிகச் சிறிது. அழுத்திய காற்றோ அவ்வளவு விரைவிற் பையை நிரப்ப வல்லதன்று. அறுபதுகளில் யப்பானியராகிய யசுசபுரோ கொபோரி என்பார் வெடிமருந்தின் துணைகொண்டு பையை ஊதும் வழியை ஆராய்ந்தார். அமெரிக்கராகிய அலன் பிறீட் மோதலை உணரும் எளிய கருவியொன்றை அமைத்தார். இவ்வாறு பலர் முயற்சியாலும் காற்றுப்பை இன்றைய வடிவினைப் பெற்றது. மோதலை உணர்கருவி அறிந்தவுடன் மின்பொறி எழுகின்றது; உலோகக் கலமொன்றில் அடைக்கப்பட்டுள்ள எரிமருந்து வில்லைகள் தீப்பற்றி வாயுவாக மாறுகின்றன; அவ்வாயு நைலோன் பையை நிரப்புகின்றது. இவையனைத்தும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் முப்பது பங்கு அளவான காலத்தில், அஃதாவது கண்ணிமைக்கும் பொழுதினும் விரைவாக, நிகழ்ந்து முடிகின்றன. எரிமருந்தை அடக்கிய இவ்வுலோகக் கலமே ஊதுகலம் எனப்படும். பின்னர் நேர்ந்த கேடு யாவும் இக்கலத்தினுள்ளே பிறந்தன.

சட்டத்தின் வரவு

காற்றுப்பை வளர்ந்த அதே காலத்தில் மீளழைப்பு என்னும் முறையும் சட்ட வடிவம் பெற்றது. ஐம்பதுகளில், வீதி விபத்து என்றால் அது சாரதியின் குற்றமே என்பது பொதுக் கருத்தாக இருந்தது. 1965ஆம் ஆண்டில் றல்ப் நேடர் என்னும் வழக்கறிஞர் வெளியிட்ட நூல் அக்கருத்தை அசைத்தது. சாரதி தவறிழைப்பினும், அத்தவறு சாவாக முடியாதவாறு வண்டியை அமைப்பது அதனைச் செய்வோர் கடன் என அவர் வாதித்தார். அடுத்த ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் சனாதிபதி லின்டன் யோன்சன் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். குறைபாடுடைய வண்டியை விற்ற நிறுவனம் அதனை முதலில் வாங்கியவருக்குப் பதிவுத் தபால் மூலம் அறிவித்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. அக்குறையைக் கட்டணமின்றித் திருத்திக் கொடுத்தலும் நிறுவனத்தின் கடனே என்பது 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சேர்க்கப்பட்டது. ஆகவே மீளழைப்பு என்பது ஒரு கடிதத்திலே தொடங்குகின்றது. அக்கடிதம் உரியவர் கையிற் சேர்ந்தால் மட்டுமே அஃது உயிர் காக்கும். இவ்வுண்மை பின்வரும் வரலாறு முழுவதிலும் நினைவிற் கொள்ளத்தக்கது.

காற்றுப்பையைக் கட்டாயமாக்கும் முயற்சி எளிதில் வெற்றி பெறவில்லை. 1977இல் விதிக்கப்பட்ட ஒழுங்கு 1981இல் நீக்கப்பட்டது. அந்நீக்கம் தக்க காரணமின்றிச் செய்யப்பட்டதென 1983இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈற்றில், 1991இல் நிறைவேறிய சட்டம் புதிய கார்கள் யாவற்றிலும் சாரதிக்கும் அருகிலிருப்பவருக்கும் காற்றுப்பை வேண்டும் என விதிக்க, தொண்ணூறுகளின் இறுதிக்குள் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்ககாலப் பைகள் மிகுந்த விசையுடன் விரிந்து முன்னிருக்கைச் சிறுவர் சிலரைக் கொன்றமையால் அவற்றின் விசை பின்னர் குறைக்கப்பட்டது. குறைகள் இருந்தபோதிலும் பயனோ பெரிது. 1987ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை முன்புறக் காற்றுப்பைகளால் அமெரிக்காவிலே 50,000இற்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர் என அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகம் கணித்துள்ளது. காற்றுப்பையே வேண்டாத பொருள் என்பார்க்கு இவ்வெண்ணே தக்க விடையாகும். கேடு கருத்திலன்று, அதனை மலிவாகச் செய்ய முயன்ற முறையிலேயே இருந்தது.

மருந்தின் மாற்றம்

டகாட்டா என்னும் நிறுவனம் 1933ஆம் ஆண்டில் யப்பானின் சிகா மாகாணத்திலே நெசவுத் தொழிலகமாகத் தொடங்கியது. வானிலிருந்து குதிப்போரைத் தாங்கும் பாரசூட்டுக் கயிறுகள் அதன் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்று. பின்னர் அஃது இருக்கைப் பட்டிகளைச் செய்தது. எண்பதுகளிற் காற்றுப்பைத் தொழிலிற் புகுந்தது. உயிரைத் தாங்கும் பொருள்களைச் செய்தே புகழ் பெற்ற நிறுவனம் அதுவென்பது கருதத்தக்கது.

முதலிற் காற்றுப்பைகளில் எரிமருந்தாகப் பயன்பட்டது சோடியம் அசைட்டு. அது நச்சுப்பொருள், கையாள்வோர்க்குத் தீங்கு தரவல்லது. ஆகவே தொண்ணூறுகளில் உற்பத்தியாளர் வேறு மருந்துகளை நாடினர். டகாட்டா நிறுவனம் தெத்திரசோல் என்னும் சேர்வையைச் சில காலம் பயன்படுத்தியது. அது நல்ல மருந்து. ஆயின் விலை மிக்கது. எனவே 2000ஆம் ஆண்டையடுத்து அந்நிறுவனம் அமோனியம் நைத்திரேற்றுக்கு மாறியது. வயல்களுக்கு உரமாகவும், சுரங்கங்களிற் பாறை பிளக்கும் வெடியாகவும் பயன்படும் இவ்வுப்பு மிக மலிவானது. எரியும்போது சாம்பல் குறைவு; வாயு மிகுதி. ஆதலின் ஊதுகலத்தையுஞ் சிறிதாக்க முடிந்தது. விலையும் எடையுங் குறைந்த கலத்தை வண்டி செய்வோர் விரும்பி வாங்கினர்.

ஆயின் இவ்வுப்பிற்கு இயல்பான குற்றம் ஒன்றுண்டு. வெப்பநிலை ஏறி இறங்குந்தோறும் இதன் பளிங்குருவம் மாறும். மாறுந்தோறும் கனவளவு வேறுபடும். ஈரத்தையும் இது விரைந்து உறிஞ்சும். பளிங்குருவம் மாறாதிருக்க வேறு பொருள் கலக்கப்பட்டபோதிலும் ஈரத்தின் வினையை அஃது அறவே தடுக்கவில்லை. பகலில் வெயிலிற் காய்ந்தும் இரவிற் குளிர்ந்தும் பல்லாண்டு கழியும்போது, இறுகிய வில்லை மெல்ல மெல்ல நுண்டுளைகள் மிக்கதாகின்றது. கட்டையாக எரியும் விறகினும் சிராய்களாக்கிய விறகு விரைந்து எரிவதை யாவரும் அறிவர். அவ்வாறே துளைபட்ட வில்லையும் அளவிறந்த வேகத்தில் எரிகின்றது. பையை ஊதவேண்டிய வாயு கலத்தையே பிளக்கின்றது. உடைந்த உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு எதிரிலிருப்பவர் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. ஏனைய உற்பத்தியாளர் பலர் இம்மருந்தைத் தவிர்த்தமைக்குக் காரணம் இதுவே.

சிறு கணக்கும் பெருங் கேடும்

2004ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் ஒரு ஹொண்டாக் காரின் ஊதுகலம் வெடித்தது. அது தனி நிகழ்ச்சியெனக் கொள்ளப்பட்டது. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஹொண்டா நிறுவனம் முதன்முறையாக ஏறத்தாழ 4,000 கார்களை மீள அழைத்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒக்லகோமா மாநிலத்திலே 18 வயது நங்கையொருத்தி ஓட்டிய கார் சிறிதே மோதியது. உயிருக்கு ஊறு செய்யாத அம்மோதலின்போது விரிந்த காற்றுப்பையிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டு அவள் உயிரைக் கவர்ந்தது. அவள் ஓட்டியது முதல் மீளழைப்பில் அடங்காத கார். அவ்வாண்டிலேயே மீளழைப்பு நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட கார்களுக்கு விரிந்தது. 2013இல் பல நிறுவனங்களின் 34 இலட்சம் வண்டிகளைத் தழுவியது.

இவ்வாறு எண்ணிக்கை படிப்படியாக ஏறியதன் காரணம் ஆராயத்தக்கது. ஒவ்வொரு முறையும் குற்றம் மருந்தில் உள்ளதெனக் கூறப்படவில்லை. வாசிங்ரன் மாநிலத் தொழிற்சாலையில் ஓர் அழுத்தப் பொறி பிழைபட்டது. மெக்சிக்கோத் தொழிற்சாலையில் மருந்து ஈரக் காற்றிற் கிடந்தது. எனவே இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செய்யப்பட்ட கலங்களே பழுதுடையன என்னும் விளக்கங்களே வழங்கப்பட்டன. குற்றம் கைப்பிழையாயின் அதற்கு எல்லை உண்டு. மருந்தின் இயல்பிலேயே உள்ள குற்றத்திற்கு எல்லை இல்லை. முன்னதென நம்புவது நிறுவனத்திற்கு மலிவு. பின்னதென ஏற்பது அழிவு. மலிவானதையே நம்ப விரும்பும் உள்ளத்தின் இயல்பு, மருந்தைத் தெரிந்தபோது தொழிற்பட்டவாறே, பழுதை ஆராய்ந்தபோதும் தொழிற்பட்டது.

வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களிற் கலங்கள் மிகுதியாக வெடித்தல் நாளடைவிற் புலனாயிற்று. 2014ஆம் ஆண்டில் புளோரிடா, ஹவாய், புவேட்டோறிக்கோ முதலிய பகுதிகளுக்கென வட்டார மீளழைப்பு நடைபெற்றது. அவ்வாண்டு புளோரிடாவில் மாண்ட பெண்ணொருவரின் கழுத்துக் காயங்களைக் கண்ட அதிகாரிகள், எவரோ கத்தியாற் குத்தினரென முதலில் ஐயுற்றனர். அவ்வாண்டிலேயே மலேசியாவின் சரவாக் பகுதியிற் கருவுற்றிருந்த பெண்ணொருவர் மாண்டார். அமெரிக்காவிற்குப் புறத்தே நேர்ந்த முதற் சாவு அதுவெனப் பதிவாகியுள்ளது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் டகாட்டா நிறுவனம் தன் கலங்கள் குறைபாடுடையன என ஒப்புக்கொண்டு, அமெரிக்கா முழுவதற்குமான மீளழைப்புக்கு உடன்பட்டது. 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மோட்டார் நிறுவனங்கள் அமர்த்திய ஆராய்ச்சியாளர் தம் முடிபினை வெளியிட்டனர். ஈரமுறிஞ்சி சேர்க்கப்படாத அமோனியம் நைத்திரேற்று, பல்லாண்டு வெப்பமும் ஈரமும், ஈரம் புகாதவாறு தடுக்கமாட்டாத கலத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் கூடியே வெடிப்பை விளைத்தன என்பது அம்முடிபு. அவ்வாண்டு மே மாதத்தில் மேலும் 3 கோடியே 50 இலட்சம் முதல் 4 கோடி வரையான கலங்கள் சேர்க்கப்பட்டன. ஈற்றில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் கலங்கள் மீளழைப்பில் அடங்கின. நான்காயிரத்தில் தொடங்கிய கணக்கு எட்டு ஆண்டுகளில் அடைந்த பெருக்கம் இது.

நீதிமன்றத்தில்

பழுது நேர்தல் வேறு. பழுதை மறைத்தல் வேறு. டகாட்டா செய்தது இரண்டாவதும் ஆகும் என்பது நீதிமன்றத்திலே தெளிவாயிற்று. ஊதுகலங்களைச் சோதித்தபோது கண்ட தீய முடிபுகளை அகற்றியும் மாற்றியும், பொய்யான அறிக்கைகளை வண்டி செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்பியதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இவ்வஞ்சகம் 2000ஆம் ஆண்டளவிலேயே, அஃதாவது புதிய மருந்து வண்டிகளிற் புகுந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 2017ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் அமெரிக்க நீதிமன்றத்தில் அது தன் குற்றத்தை ஏற்றது. விதிக்கப்பட்ட தொகை 100 கோடி டொலர். அதனுள் 2 கோடியே 50 இலட்சம் தண்டப்பணம். 12 கோடியே 50 இலட்சம் ஊறுபட்டோர்க்குரியது. எஞ்சிய 85 கோடி வண்டி நிறுவனங்களுக்குரியது. முன்னாள் அதிகாரிகள் மூவர் மீதும் குற்றஞ் சாட்டப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் நிறுவனம் யப்பானிலும் அமெரிக்காவிலும் வங்குரோத்து நிலையை அறிவித்தது. 2018இல் அதன் தொழிலின் பெரும்பகுதி மற்றொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மலிவு தேடி மாறிய மருந்தின் விலை அன்றுதான் முற்றாக எழுதப்பட்டது. அதுவும் பணத்தால் எழுதக்கூடிய பகுதி மட்டுமே. அமெரிக்காவில் மாண்டோர் 25இற்கு மேற்பட்டோர். ஊறுபட்டோர் பல நூற்றுவர். மலேசியா, அவுத்திரேலியா முதலிய நாடுகளிலும் உயிர்கள் மாய்ந்தன.

கடிதம் சேராத வண்டிகள்

குற்றம் வெளிப்பட்டவுடன் கேடு நீங்கிவிடவில்லை. கோடிக்கணக்கான கலங்களுக்குப் பதிலாகப் புதியனவற்றை உடனே செய்தல் எவராலும் இயலாததாயிற்று. பாகங்கள் வரும்வரை உரிமையாளர் பல மாதங்கள் காத்திருந்தனர். சிலர் வண்டிகளில், பழைய மருந்தையே அடக்கிய புதுக் கலங்கள் தற்காலிகமாகப் பொருத்தப்பட்டு மீண்டும் மாற்றப்படவேண்டியனவாயின. 2001ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட சில ஹொண்டாக் கார்களின் கலங்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஐம்பது அளவில் வெடிக்கும் வாய்ப்புள்ளமை 2016இல் அறியப்பட்டது. அவற்றை ஓட்டவே வேண்டாமென அரசாங்கம் எச்சரித்தது. அப்பொழுதும் திருத்தப்படாதவை மூன்று இலட்சத்திற்கு மேலிருந்தன. காரணம் யாது? பழைய கார்கள் பல கை மாறியவை. முதலில் வாங்கியவர் முகவரிக்குச் சென்ற கடிதம் நான்காவதாக வாங்கியவரை அடைவதில்லை. பழைய காரை ஓட்டுவோர் பெரும்பாலும் வசதி குறைந்தோர். தொழிலை ஒருநாள் விடுத்துப் பழுதுபார்க்குமிடஞ் செல்லவும் இயலாதோர். இவ்வாறு, வெயிலும் ஈரமும் முதிர்ந்து கலம் மிகக் கொடியதாகும் காலத்தில் வண்டி மிக எளியவர் கையிற் சேர்ந்துவிடுகின்றது.

அவுத்திரேலியா இதற்கு வேறு வழி கண்டது. 2017இல் சிட்னியில் ஒருவர் மாண்டபின், 2018ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் அந்நாட்டரசு கட்டாய மீளழைப்பைப் பிறப்பித்தது. வண்டி மீளழைப்பு அந்நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டது அதுவே முதன்முறை. ஏறத்தாழ 30 இலட்சம் வண்டிகளிலுள்ள 40 இலட்சம் பைகளை 2020ஆம் ஆண்டு முடிவிற்குள் மாற்றவேண்டும் என நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. கடிதம் அனுப்பியதோடு கடன் தீர்ந்தது என்னும் நிலை மாறி, உரியவரைத் தேடிக் கண்டு திருத்தி முடித்தலே கடன் என்னும் நிலை அங்கே தோன்றிற்று. எல்லா நாடுகளும் அவ்வாறு செய்யவில்லை. 2024ஆம் ஆண்டிற்றான் சிற்றோவன் நிறுவனம் தென் ஐரோப்பாவிலுள்ள தன் கார்கள் பலவற்றை ஓட்டவேண்டாமென உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது.

கடல் கடந்து செல்லும் வண்டிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. யப்பானிற் சில ஆண்டுகள் ஓடிய கார்கள் ஆசியாவிற்கும் ஆபிரிக்காவிற்கும் பசுபிக் தீவுகளுக்கும் கப்பலேறுகின்றன. இலங்கையின் வீதிகளிலும் அவ்வாறு வந்த கார்கள் மிகப் பல. யப்பானிய உரிமையாளர் பெயருக்கு எழுதப்படும் கடிதம் கப்பலேறி வருவதில்லை. ஆயின் கலத்திற்குக் கேடு செய்யும் வெப்பமும் ஈரமும் இங்கே ஆண்டு முழுவதும் உள்ளன. வண்டியின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு அஃது எம்மீளழைப்பில் அடங்குவது என்பதை நிறுவனத்தின் முகவரிடத்தும், நிறுவனங்கள் வெளியிட்டுள்ள பட்டியல்களிலும் அறிதல் கூடும். கடிதம் வாராத இடத்தில் உரிமையாளரே கடிதத்தைத் தேடிச் செல்லவேண்டியவராகின்றார்.

முடிபு

இவ்வரலாற்றில் மூவகைத் தவறுகள் தோன்றுகின்றன. உயிர் காக்கும் பொருளில் விலையை முதற்கண் நோக்கியது முதலாவது. சோதனை கூறிய உண்மையைத் திரித்தெழுதியது இரண்டாவது. கண்ட கேட்டினைச் சிறு கேடாகவே கருத விரும்பியது மூன்றாவது. முதல் இரண்டும் ஒரு நிறுவனத்தின் பாற்பட்டன. மூன்றாவதோ அந்நிறுவனத்தோடு வண்டி செய்தோரும் அவர்களை மேற்பார்வை செய்த அரசாங்கமும் பங்குகொண்ட தவறாகும். அலபாமாவிற் கலம் வெடித்த 2004ஆம் ஆண்டுக்கும் நாடளாவிய மீளழைப்பு வந்த 2015ஆம் ஆண்டுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள் கழிந்தன. மாண்டோர் பலர் அவ்விடைவெளியில் மாண்டனர்.

மீளழைப்பு நாணத்தக்க செயலன்று. தான் செய்த பொருளிற் குறை கண்டு அதனை வெளிப்படையாகக் கூறித் திருத்தித் தருதல் நேர்மையின் அடையாளம். அதனை வேண்டிச் சட்டம் இயற்றியமை மக்களாட்சியின் சிறப்பு. நாணத்தக்கது காலந்தாழ்த்தலே. மகள் முன்னே வீழாவண்ணம் தம்மையறியாது நீண்ட பெற்றோர் கைகளிலிருந்து பிறந்தது காற்றுப்பை. அக்கைகள் கணக்குப் பார்க்கவில்லை, காலந்தாழ்த்தவுமில்லை. அக்கைகளின் வேலையை ஏற்றுக்கொண்ட தொழிலும் ஆட்சியும் அவ்விரைவையும் ஏற்றல் வேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.